சுவரைப் பார்த்து பெயிண்ட், பெயிண்டைப் பார்த்து பிரஷ்

தை பிறக்கும் முன்பு வீட்டுக்கும் கடைக்கும் வெள்ளையடித்து, கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவது நம்மிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஒரு காலத்தில் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம், ஒரு மட்டை இவ்வளவு இருந்தால் வேலை முடிந்தது. இன்று பெயிண்ட் கடைக்குள் நுழைந்தால் டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல், பிரைமர், பட்டி என்று அடுக்கடுக்காக டப்பாக்கள். எதை எடுப்பது, எதை விடுப்பது என்று தெரியாமல் விழிக்கிறோம்.

துவரம் பருப்பு ஒரு மூட்டை வாங்குவதென்றால் நாம் சும்மா வாங்குவதில்லை. சாம்பிளைக் கையில் கொட்டிப் பார்க்கிறோம். ஈரம் இருக்கிறதா என்று கடித்துப் பார்க்கிறோம். மிளகாய் வற்றலை அமுக்கிப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. ஆனால் பல ஆயிரம் ரூபாய் பிடிக்கும் வர்ண வேலைக்கு மட்டும், பெயிண்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கடைப் பையனிடம் கொடுத்தனுப்பிவிட்டு நாம் கல்லாவில் உட்கார்ந்துவிடுகிறோம். விளைவு? ஒரு மழைக்காலம் போனதும் சுவர் பொக்கை விட்டு, வர்ணம் அப்பளம் போல் உரிந்து நிற்கிறது.

இதில் போவது பெயிண்ட் விலை மட்டுமல்ல. பெரும்பாலான வேலைகளில் பெயிண்ட் விலையைவிடக் கூலியே அதிகமாகிறது. தவறான பெயிண்டை அடித்தால், அடித்த கூலி, சுரண்டும் கூலி, மீண்டும் அடிக்கும் கூலி என்று மூன்று கூலி கொடுக்க வேண்டி வரும். நம்மில் பலருக்கு முன்னால் கடை, பின்னால் அல்லது மாடியில் வீடு. சரக்கும் குழந்தை குட்டிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, இந்த வேலையில் கவனக்குறைவு கூடவே கூடாது.

முதலில் சுவரைக் கவனிப்போம்

பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன் சுவரிடம் போக வேண்டும். மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது ஈரம். கையை வைத்துப் பார்த்தால் எல்லாச் சுவரும் காய்ந்ததாகவே தோன்றும். ஒரு சாண் அகலத்துக்குப் பாலிதீன் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விட்டு விடுங்கள். தாளின் உட்புறம் நீர் முத்துக்கள் கோத்திருந்தால் சுவருக்குள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவர், தரையிலிருந்து ஈரம் ஏறும் அடிச்சுவர், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உள்ள சுவர் ஆகியவற்றில் இந்தச் சோதனை அவசியம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அடைக்காமல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் நிற்காது. ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும் உப்பு அதுதான். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மீண்டும் சுவருக்குள் போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதே சரி.

இரண்டாவது பழைய பூச்சு. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். மாவு போல் ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு அல்லது தூள் டிஸ்டெம்பர். அதன்மேல் நேரடியாக எமல்ஷன் அடித்தால், எமல்ஷன் சுவரைப் பிடிக்காது, மாவைப் பிடிக்கும். மாவு உதிரும்போது எமல்ஷனும் சேர்ந்து உரியும். 'கம்பெனி பெயிண்ட் அடித்தும் உரிந்துவிட்டது' என்று நாம் கேட்கும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம். பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்த பிறகே அடுத்த வேலை.

மூன்றாவது சுவரின் வயது. புதிதாகப் பூசிய சிமெண்ட் சுவரில் காரம் அதிகம். குறைந்தது 28 நாளாவது ஆறவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர் அடிக்க வேண்டும். அவசரமாகக் கிரகப்பிரவேசம் வைத்திருப்பவர்கள் ஒரு கோட் சுண்ணாம்போடு நிறுத்திக்கொண்டு, பெயிண்டைப் பின்னால் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அப்போதும் மேலே உள்ள சுண்ணாம்பைச் சுரண்டிய பிறகே பெயிண்ட் அடிக்க வேண்டும்.

எந்தச் சுவருக்கு எது?

சுண்ணாம்பு: விலையில் மலிவு. பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல் போல் இறுகுகிறது. அதன் காரத்தன்மையால் பூஞ்சைக் காளான் எளிதில் அண்டாது. சுவரின் ஈரம் வெளியேறவும் வழி விடுகிறது. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருள்ள வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான பூச்சு இல்லை. குறை என்னவென்றால் சட்டையில் ஒட்டும், கழுவ முடியாது, அடிக்கடி அடிக்க வேண்டும். தாளிக்கும் பொருளைக் கலக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் உதிரும் என்பதால் கோந்து அல்லது வஜ்ஜிரம் சேர்ப்பார்கள். அடிக்கும்போது கண்ணில் தெறித்தால் ஆபத்து. உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும்.

டிஸ்டெம்பர்: இதில் இரண்டு ரகம். தூளாக வருவது கையில் ஒட்டும். பசையாக வாளியில் வரும் அக்ரிலிக் டிஸ்டெம்பர் அவ்வளவாக ஒட்டாது. ஈரத்துணியால் லேசாகத் துடைக்கலாம். படுக்கையறை, கூரையின் அடிப்பக்கம், வாடகைக்கு விடும் போர்ஷன் இவற்றுக்கு இது போதும். வெளிச்சுவருக்கும் ஈரம் படும் இடத்துக்கும் ஆகாது.

எமல்ஷன்: தண்ணீரில் கலக்கும் பெயிண்ட். வாடை குறைவு, சீக்கிரம் காயும், நல்ல ரகத்தைத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்யலாம். கூடம், சமையலறை, குழந்தைகள் புழங்கும் அறை, கடையின் உட்புறம் எல்லாவற்றுக்கும் ஏற்றது. வெளிச்சுவருக்கு என்று தனி எமல்ஷன் உண்டு. உட்புற எமல்ஷனை வெளியில் அடித்தால் வெயிலுக்கும் மழைக்கும் தாங்காது.

எனாமல்: எண்ணெய்ப் பெயிண்ட். கதவு, ஜன்னல், இரும்பு ஷட்டர், கிரில், ரேக் இவற்றுக்கு உரியது. இரும்புக்கு முதலில் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு, மரத்துக்கு உட் பிரைமர் அடித்த பிறகே எனாமல். பளபளப்பாக இருக்கிறதே என்று புதிய சிமெண்ட் சுவரில் எனாமல் அடிக்கிறவர்கள் உண்டு. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும் என்பது நமக்குத் தெரியும். சுவரிலும் அதுதான் நடக்கிறது. சிமெண்டின் காரம் எனாமலின் எண்ணெயைத் தின்று, பூச்சு பிசுபிசுத்துப் பெயர்ந்துவிடும்.

பிரைமரும் பட்டியும் வீண் செலவு என்று நினைக்க வேண்டாம். பிரைமர் இல்லாத சுவர் முதல் கோட் பெயிண்டை உறிஞ்சிக் குடித்துவிடும். விலை குறைந்த பிரைமர் குடிக்க வேண்டியதை விலை உயர்ந்த பெயிண்டைக் கொண்டு நிரப்புவது லாபமா? பட்டி சுவரைச் சமப்படுத்தத்தான். சுவர் ஏற்கெனவே வழவழப்பாக இருந்தால் வெடிப்பும் பள்ளமும் உள்ள இடத்தில் மட்டும் போட்டால் போதும்.

அளந்து வாங்குவோம்

நிறுத்துக் கொடுத்தும் அளந்து கொடுத்தும் பழகிய நாம், சுவரை அளக்காமல் பெயிண்ட் வாங்கலாமா?

10 அடிக்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடி கதவு ஒன்றுக்கு 21, நாலடிச் சதுர ஜன்னல் இரண்டுக்கு 32, ஆக 53 சதுர அடியைக் கழித்தால் 387 சதுர அடி. கூரையின் அடிப்பக்கம் 120 சதுர அடி தனி.

பட்டி, பிரைமர் போட்ட வழவழப்பான சுவரில், இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எமல்ஷன் சுமார் 100 சதுர அடி வரும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம். சொரசொரப்பான சுவரானால் 60, 70 தான் வரும். ஒவ்வொரு டப்பாவிலும் அந்தந்த ரகத்தின் அளவு அச்சிட்டிருக்கும். அது நல்ல சுவரில் வரும் அளவு என்பதை மறக்கக் கூடாது. மேற்படி அறையின் சுவருக்கு 4 லிட்டர் டப்பா ஒன்று சரியாக இருக்கும். சீட்டில் 10 லிட்டர் என்று எழுதியிருந்தால் 'ஏன்?' என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று டோக்கன் வைக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. ஊக்கத்தொகை கொடுத்து சரக்கை நகர்த்துவது வணிகத்தில் புதிதல்ல, நாமும் கண்டதுதான். ஆனால் எந்த டப்பாவில் டோக்கன் பெரிதோ அதுவே நம் சுவருக்கு நல்லது என்று ஆகிவிடாது. பெயிண்டரின் அனுபவத்தைக் கேட்போம். முடிவை நாம் எடுப்போம்.

தண்ணீர் கலப்பதிலும் ஒரு கண் வேண்டும். எந்த அளவு கலக்கலாம் என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். அதற்கு மேல் கலந்தால் 'நிறைய வந்தது' என்று மகிழலாம். பூச்சு மெலிந்து சீக்கிரமே வெளுக்கும். பாலில் தண்ணீர் கலந்த கதைதான்.

ஒரே நிறத்தில் பல டப்பா வாங்கினால் எல்லாவற்றிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் கொட்டிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு சுவரும் அடுத்த சுவரும் நிறத்தில் ஒத்துப் போகாது. மிஷினில் கலந்து கொடுக்கும் நிறத்தைப் பெயிண்ட் கடைக்காரர் திருப்பி எடுப்பது கடினம். அதனால் முதலில் சின்ன டப்பா வாங்கி, சுவரில் இரண்டடிச் சதுரம் அடித்து, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் பார்த்து முடிவு செய்யலாம். கடைச் சுவருக்கு அடர்ந்த பச்சை, நீலம் வேண்டாம். சுவரின் நிறம் சரக்கின் மேல் விழும். நல்ல பருப்பும் மங்கலாகத் தெரியும். வெள்ளையும் சந்தன நிறமும் சரக்கை உள்ளபடி காட்டும், விளக்கின் வெளிச்சத்தையும் கூட்டிக் கொடுக்கும்.

பில் கேட்டு வாங்குங்கள். பெயிண்டுக்கான ஜி.எஸ்.டி. 2017இல் 28 சதவீதமாக இருந்து, 2018 ஜூலை 27 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பில்லும் பேட்ச் எண்ணும் நிற எண்ணும் கையில் இருந்தால்தான் பிறகு குறை சொல்லவும் அதே நிறம் மீண்டும் வாங்கவும் முடியும்.

பிரஷ் பார்த்து வாங்குவது எப்படி?

பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, பிரஷ்ஷில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள் பலர். முடி கொட்டும் பிரஷ் சுவர் முழுவதும் கோடு போட்டு வைக்கும்.

பெயிண்டைப் பார்த்துத்தான் பிரஷ். பன்றி முடியால் செய்த பிரஷ் எனாமலுக்கு நல்லது. ஒவ்வொரு முடியின் நுனியும் இயற்கையிலேயே பிளந்திருப்பதால் பெயிண்டை நிறையப் பிடித்துக்கொண்டு, கோடு விழாமல் பரப்பும். அதே முடி தண்ணீரில் ஊறினால் துவண்டுவிடும். எனவே எமல்ஷன், டிஸ்டெம்பருக்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் இழைப் பிரஷ்ஷே சரி. பன்றி முடி வீட்டுக்குள் வேண்டாம் என்று கருதும் குடும்பங்களும் உண்டு. அவர்கள் கேட்டு வாங்கினால் எனாமலுக்கும் இழைப் பிரஷ் கிடைக்கும்.

சுண்ணாம்புக்கு முடிப் பிரஷ் அறவே ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்க அங்கே சுண்ணாம்பு நீரில்தான் ஊறப் போடுவார்கள். தோலின் முடியைத் தின்னும் சுண்ணாம்பு பிரஷ்ஷின் முடியை விட்டுவைக்குமா? நம் முன்னோர்கள் நாரைத் தட்டிச் செய்த மட்டையால் வெள்ளையடித்தது சிக்கனத்துக்காக மட்டுமல்ல. அதுவே சுண்ணாம்புக்குத் தாங்கும்.

கடையில் பிரஷ்ஷைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனைகள்:

1. முடியை உள்ளங்கையில் அழுத்தி வளைத்து விடுங்கள். உடனே நிமிர்ந்து பழைய வடிவுக்கு வர வேண்டும்.

2. முடியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். புதிய பிரஷ்ஷில் ஒன்றிரண்டு வருவது சகஜம். கொத்தாக வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

3. முடியை விரித்து நடுவே பாருங்கள். அடியில் பெரிய மரக்கட்டையை வைத்துப் பிரஷ்ஷைக் கனமாகக் காட்டியிருக்கலாம். வெங்காய மூட்டையில் நடுவில் சின்ன ரகத்தை வைப்பது போன்றதுதான் இதுவும்.

4. முடியைக் கட்டியிருக்கும் தகரப் பட்டை ஆடக்கூடாது. துருப்பிடிக்காததாக இருந்தால் நல்லது.

அளவைப் பொறுத்தவரை சுவருக்கு 4 அல்லது 5 அங்குலம், கதவு நிலைக்கு 2 அல்லது 2½ அங்குலம், கிரில், மூலை முடுக்குக்கு 1 அங்குலம். இந்த மூன்று பிரஷ் இருந்தால் ஒரு வீட்டு வேலையை முடித்துவிடலாம். பெரிய சுவருக்கு 9 அங்குல ரோலர் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். வழவழப்பான சுவருக்குக் குட்டை ரோமம், சொரசொரப்பான சுவருக்கு நீண்ட ரோமம் உள்ள ரோலர் தேவை. ரோலர் எட்டாத ஓரங்களை முதலில் பிரஷ்ஷால் அடித்துக்கொண்டு, அது காய்வதற்குள் ரோலரை ஓட்டினால் இரண்டும் சேரும் இடம் தெரியாது.

வேலை முடிந்ததும், எமல்ஷன் பிரஷ்ஷை உடனே தண்ணீரில் கழுவ வேண்டும். எனாமல் பிரஷ்ஷை டர்பன்டைனில் அலசி, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, முடி வளையாமல் காகிதத்தில் சுற்றித் தொங்கவிட வேண்டும். டப்பாவில் தலைகீழாக நிறுத்தி வைத்த பிரஷ் மறுநாளே கோணிவிடும்.

சரக்கு இருக்கும் இடத்தில்

மளிகைக் கடைக்கு இது முக்கியமான பகுதி. அரிசி, மைதா, தேயிலை, காபித்தூள், நெய், வெண்ணெய் ஆகியவை வாடையைச் சுலபமாக இழுத்துக்கொள்ளும். பெயிண்ட் வாடை ஏறிய தேயிலையை வாங்கிப் போனவர் அதைத் திருப்பிக் கொண்டு வந்தாலும் நஷ்டம். திரும்பியே வராவிட்டால் அதைவிடப் பெரிய நஷ்டம். சுரண்டுவதற்கு முன்பே சரக்கை வேறு அறைக்கோ கிட்டங்கிக்கோ மாற்ற வேண்டும். மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினால் தூசிதான் தடைபடும், வாடை தடைபடாது. அறை காய்ந்து, கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வாடை முழுவதும் போன பிறகே சரக்கை உள்ளே கொண்டு வரலாம்.

கடைச் சுவர் உரிந்து கிடப்பது அழகுக் குறைவு மட்டுமல்ல. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த உரிமம், பதிவு ஒழுங்குமுறைகளின் 4ஆவது அட்டவணை, உணவுப் பொருள் கையாளும் இடத்தில் சுவரும் கூரையும் வழவழப்பாக, சுத்தம் செய்ய எளிதாக, பெயிண்ட்டோ பூச்சோ உதிராமல் இருக்க வேண்டும் என்கிறது. துடைக்கக்கூடிய எமல்ஷன் அடித்த சுவர் இந்த விதிக்குப் பொருந்தும். எண்ணெய் டின், வெல்ல மூட்டை உராயும் அடிச்சுவரில் ஐந்தடி உயரத்துக்காவது நல்ல ரகத்தை அடித்துக்கொள்வது நலம்.

டர்பன்டைனும் எனாமலும் எளிதில் தீப்பற்றும். அவை இருக்கும் அறையில் சாமி விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் கூடாது. எனாமல் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் சில நேரம் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.

ஈயம்: குழந்தைகள் இருக்கும் வீட்டில் எச்சரிக்கை

பழைய எனாமல் பெயிண்டுகளில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய கதவையும் கிரில்லையும் காய்ந்தபடியே சுரண்டும்போது எழும் தூசி தரையில் படியும். தவழும் குழந்தையின் கையிலிருந்து அது வாய்க்குப் போகும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், கர்ப்பிணிகளுக்கும் கேடு. இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் ஈயத்துக்குக் கிடையாது.

இதனால்தான் வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் விதி வகுத்தது. 2017 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. டப்பாவில் அந்த வாசகம் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பெயிண்டும் விற்கும் நம் வணிகர்கள், அலமாரியின் மூலையில் அதற்கு முந்தைய டப்பா ஏதும் கிடந்தால் அதை விலை குறைத்துத் தள்ளிவிட நினைக்கக் கூடாது. இன்னொரு வீட்டுக் குழந்தை நம் லாபத்துக்கு ஈடாகாது.

பழைய எனாமலைச் சுரண்டும்போது நீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள். முகத்தை மூடிக்கொள்ளுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப் பக்கம் விடாதீர்கள். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

காலம் பார்த்து அடிப்போம்

தீபாவளிக்கு வெள்ளையடிப்பதும் நம் வழக்கம். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம். காற்றிலும் சுவரிலும் ஈரம் நிற்கும்போது அடித்த பெயிண்ட் சரியாகக் காயாது. தீபாவளிக்கு வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே, மழை பிடிக்கும் முன் முடித்துவிட வேண்டும். மழை தவறிப் பின்னால் பெய்த ஆண்டில் பொங்கலுக்கு என்று அவசரப்படாமல், தை, மாசியில் அடித்தால் சுவரும் நன்றாகக் காய்ந்திருக்கும், பெயிண்டர்களும் நிதானமாக வேலை பார்ப்பார்கள். ஒரு கோட் காய்ந்த பிறகே அடுத்த கோட்.

வணிகர்களாகிய நாம் சரக்கைப் பார்த்து வாங்குவதில் தேர்ந்தவர்கள். அந்தத் தேர்ச்சியைச் சுவர் வேலையிலும் காட்டினால் போதும். சுவரைச் சோதிப்போம், அதற்கேற்ற பெயிண்டை அளந்து வாங்குவோம், பெயிண்டுக்கேற்ற பிரஷ்ஷைக் கையில் பிடித்துப் பார்த்து எடுப்போம். ஒரு முறை ஒழுங்காக அடித்த சுவர் பல பொங்கலைக் காணும். மிச்சமாகும் பணம் கடையின் முதலாக நிற்கட்டும்.